வன்தட்டுப் பிரிவுகளும் இயங்குதள நிறுவல் சிக்கல்களும்: ஒரு வரலாறு

பார்ட்டிஷன் எனப்படும் வன்தட்டுப் பிரிவு என்பது, ஒரே வன்தட்டின் இடத்தைச் சில துண்டுகளாக வகுத்து, ஒவ்வொன்றையும் தனித்தட்டு போலப் பயன்படுத்தும் ஏற்பாடு ஆகும். கணினியில் புதிதாக விண்டோசோ லினக்சோ நிறுவ முயல்பவர் பெரும்பாலும் இடறுவது இந்த இடத்தில்தான். கோப்புகள் நிறைந்த தட்டைக் காலி என்று காட்டும். நேற்றுவரை இருந்த பிரிவு காணாமல் போகும். இடம் மீதமிருந்தும் புதுப்பிரிவு உருவாக்க முடியாது என்ற செய்தி வரும். எல்லாம் முடிந்து கணினியை மறுபடி இயக்கினால் கறுப்புத் திரையில் ஓரிரு எழுத்துகளோடு நின்றுவிடும். இவற்றுள் பலவற்றுக்குத் தட்டு பழுதானது காரணம் அன்று. ஒரே தட்டை இரண்டு நிரல்கள் இரு வேறு கணக்கில் அளந்ததே காரணம். அந்தக் கணக்குகள் வேறுபட்ட கதை 1983-இல் தொடங்குகிறது.

64 பைட்டில் ஒரு வரைபடம்

1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐபிஎம் பிசியில் வன்தட்டு கிடையாது; பிளாப்பி வட்டுகள்தாம். 1983 மார்ச்சில் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியில் 10 மெகாபைட் வன்தட்டு இடம்பெற்றது. அதனுடன் வந்த பிசி டாஸ் 2.0 இயங்குதளத்தில், தட்டைப் பிரிப்பதற்கென்று எஃப்டிஸ்க் என்ற நிரலும் இருந்தது. பத்தே மெகாபைட்டைப் பிரித்து என்ன செய்வது என்று இன்று தோன்றலாம். ஆனால் பிசிக்கு டாஸ் ஒன்றுதான் என்று அன்று முடிவாகியிருக்கவில்லை. சிபி/எம்-86 போன்ற போட்டியாளர்களும் களத்தில் இருந்தனர். ஆகவே ஒரு தட்டில் நான்கு இயங்குதளங்கள் வரை குடியிருக்க இடம் விடப்பட்டது.

இந்த ஏற்பாடு முழுவதும் தட்டின் முதல் செக்டரில், 512 பைட்டுக்குள் அடங்கியது. மாஸ்டர் பூட் ரெக்கார்டு, சுருக்கமாக எம்பிஆர், என்பது அதன் பெயர். அதில் 446 பைட் வரை கணினியை எழுப்பும் துவக்க நிரலுக்கு உரியது. அடுத்த 64 பைட் பிரிவு அட்டவணை. கடைசி 2 பைட், இது செல்லுபடியாகும் செக்டர் என்று அறிவிக்கும் முத்திரை. 64 பைட் அட்டவணையில் ஒரு பிரிவுக்கு 16 பைட் வீதம் நான்கு பதிவுகள். இவ்வளவுதான். நான்கு என்ற எண் அன்று தாராளமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பின்னாளைய சண்டைகளுக்கு விதை அந்த 16 பைட்டுக்குள்ளேயே இருந்தது. ஒரு பிரிவு எங்கே தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு பதிவும் இரண்டு விதமாகச் சொல்கிறது. ஒன்று, சிலிண்டர், ஹெட், செக்டர் என்ற மூன்று எண்களால். மற்றொன்று, தட்டின் முதல் செக்டரிலிருந்து எண்ணிவந்த ஒரே எண்ணால். நிலப் பத்திரத்தில் ஒரே மனையைச் சர்வே எண்ணாலும் குறிப்பார்கள், நான்கு எல்லை சொல்லியும் குறிப்பார்கள். இரண்டும் பொருந்தும்வரை தொல்லை இல்லை. பொருந்தாத அன்று வழக்கு வரும். அப்போதும் மனை எங்கும் போய்விடுவதில்லை, எழுத்து மட்டுமே தகராறு. வன்தட்டிலும் அட்டவணை அழிந்தால் கோப்புகள் உடனே அழிவதில்லை. அவை இருக்கும் இடம் தெரியாமல் போகிறது.

போதும் போதும் என்று வைத்த எல்லைகள்

வட்டுகள் பெருகிய வேகத்தை எந்த வடிவமைப்பாளரும் சரியாக ஊகிக்கவில்லை. டாஸ் ஒரு பிரிவின் செக்டர்களை 16 பிட் எண்ணால் எண்ணியது. 65,536 செக்டர், செக்டருக்கு 512 பைட்; ஆக 32 மெகாபைட்டுக்கு மேல் ஒரு பிரிவு இருக்க இயலாது. 40 மெகாபைட் தட்டு வாங்கியவர் அதைத் துண்டு போட்டே ஆக வேண்டும். 1987-இல் வந்த டாஸ் 3.3 இதற்கு ஒரு குறுக்குவழி கண்டது. நான்கு பதிவுகளுள் ஒன்றை விரிவாக்கப் பிரிவு என்று ஆக்கி, அதற்குள் பல தருக்கப் பிரிவுகளைச் சங்கிலியாகக் கோர்த்தது. ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணி இருக்கும் இடத்தை மட்டும் சொல்லும். நடுவில் ஒன்று கெட்டால் அதற்குப் பின்னுள்ள அனைத்தும் மறைந்துவிடும். தட்டின் முதல் செக்டரை மட்டும் படியெடுத்து வைத்துக்கொண்டு 'காப்புப்படி இருக்கிறது' என்று நம்பியவர்கள் ஏமாந்தது இதனால்தான்: தருக்கப் பிரிவுகளின் விவரம் முதல் செக்டரில் இல்லை. 32 மெகாபைட் எல்லை 1987-இன் இறுதியில் வந்த காம்பாக் டாஸ் 3.31-இலும், அடுத்த ஆண்டு டாஸ் 4-இலும் தளர்ந்தது.

அடுத்த எல்லை இன்னும் விசித்திரமானது. பயாஸ் 1,024 சிலிண்டர் வரை எண்ணும். ஐடிஇ தட்டு 16 ஹெட் வரைதான் ஒப்பும். பயாசின் செக்டர் எண்ணோ 63-ஐத் தாண்டாது. தனித்தனியே பார்த்தால் இரு தரப்பிலும் பெரிய தட்டுக்கு இடமுண்டு. இரண்டையும் சேர்த்தால் இரு தரப்பின் சிறிய எண்களே மிஞ்சும்: 1,024 × 16 × 63 × 512, அதாவது சுமார் 52.8 கோடி பைட். 1990-களின் நடுவில் 540 மெகாபைட் தட்டு வாங்கிப் பழைய கணினியில் பொருத்தியவர்கள் இந்தச் சுவரில் முட்டினார்கள்.

தட்டுத் தயாரிப்பாளர்கள் இதற்குத் தந்த மருந்து, ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர் போன்ற மேலுறை நிரல்கள். அவை எம்பிஆரில் அமர்ந்து, பயாசுக்கும் தட்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நின்றன. நோயைவிட மருந்து சில வேளைகளில் மோசமாயிற்று. 1991-இல் டாஸ் 5-உடன் வந்த எஃப்டிஸ்க்கில், கையேட்டில் சொல்லப்படாத '/எம்பிஆர்' என்ற கட்டளை ஒன்று இருந்தது. துவக்க நிரலை மட்டும் புதிதாக எழுதி அட்டவணையைத் தொடாமல் விடுவது அதன் வேலை. கணினி எழவில்லை என்றால் முதலில் இதைத் தட்டு என்பது பழுது பார்ப்பவர்களின் வழக்கமாயிற்று. மேலுறை நிரல் உள்ள தட்டில் இதைச் செய்தால் மொழிபெயர்ப்பாளரே ஒழிந்துபோவார். தரவு முழுவதும் எட்டாக்கனியாகும். மங்கி என்ற வைரஸ் அட்டவணையை மறையாக்கி வேறிடத்தில் ஒளித்து வைத்தது. வைரஸ் இருந்தவரை தட்டு திறந்தது. அதை அறியாமல் எஃப்டிஸ்க் /எம்பிஆர் கொடுத்தவுடன் மூடிக்கொண்டது. காரணம் அறியுமுன் எழுதிவிடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

லினக்சும் ஓரெழுத்துச் செய்திகளும்

பிரிவுச் சிக்கல் ஒன்று லினக்சின் பிறப்பிலேயே உண்டு. 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம் கணினியில் மினிக்ஸ் இயங்குதளத்தை வைத்துக்கொண்டு லினக்சை எழுதிவந்தார். அவ்வாண்டின் இறுதியில் ஒருநாள், மோடம் வழியே பல்கலைக்கழகக் கணினியை அழைக்க முயன்றபோது சாதனத்தின் பெயரைத் தவறாகக் கொடுத்துவிட்டார். அழைப்புக் கட்டளைகள் மோடத்துக்குப் போகாமல் வன்தட்டில் எழுதப்பட்டன. மினிக்ஸ் பிரிவு பாழாயிற்று. மினிக்சை மறுபடி நிறுவலாமா என்று எண்ணியவர், லினக்ஸ் அதற்குள் தன் காலில் நிற்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டதால் அதை அப்படியே விட்டுவிட்டார். பிரிவு அழிந்ததால் நன்மை விளைந்த சில நிகழ்வுகளுள் இது ஒன்று.

விண்டோசுடன் லினக்சையும் ஒரே தட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவியபோது, முதலில் தேவைப்பட்டது இருக்கும் பிரிவைச் சுருக்கும் கருவி. எஃப்டிஸ்க்குக்கு அழிக்கத் தெரியும், ஆக்கத் தெரியும்; சுருக்கத் தெரியாது. பணம் கொடுக்க முடிந்தவர்கள் பவர்குவெஸ்ட் நிறுவனத்தின் பார்ட்டிஷன்மேஜிக் வாங்கினர். மற்றவர்களுக்கு ஃபிப்ஸ் என்ற சிறிய இலவச நிரல் இருந்தது. அது கோப்புகளை நகர்த்தாது. பிரிவின் கடைசியில் காலியிடம் இருந்தால் மட்டுமே வெட்டித் தரும். ஆகவே முதலில் விண்டோசில் டிஃப்ராக் செய்து கோப்புகளை முன்பக்கம் ஒதுக்க வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டு, 'பாதித் தட்டு காலி, பிறகு ஏன் சுருங்க மறுக்கிறது' என்று குழம்பியவர்கள் பலர். பின்னர் ஜிஎன்யூ பார்ட்டடும், என்டிஎஃப்எஸ் பிரிவைச் சுருக்கும் நிரலும் வந்து இந்த வேலையை நிறுவியின் உள்ளேயே முடித்துவைத்தன.

அடுத்தது துவக்கம். வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய லைலோ என்ற துவக்க நிரல் நெடுங்காலம் லினக்சுக்கு வாயில்காப்பாளராக இருந்தது. 446 பைட்டுக்குள் பிழைச்செய்தி எழுத இடம் ஏது? லைலோ தன் ஆங்கிலப் பெயரின் நான்கு எழுத்துகளையே செய்தியாக்கியது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஓர் எழுத்தைத் திரையில் இடும். நான்கும் வந்தால் நலம். முதல் எழுத்தோடு ஓர் எண் வந்து நின்றால் இரண்டாம் கட்ட நிரலைத் தட்டிலிருந்து படிக்க முடியவில்லை. இரண்டு எழுத்தோடு நின்றால் அது படிக்கப்பட்டது, ஆனால் இயங்கவில்லை. பெரும்பாலும் பயாசும் லினக்சும் தட்டின் ஹெட் எண்ணிக்கையை வெவ்வேறாகக் கணக்கிட்டதே இதற்குக் காரணமாக இருந்தது. சிக்கனமான மொழிதான், ஆனால் தெரிந்தவருக்கு இன்றைய நீண்ட செய்திகளைவிட அது நன்றாகவே பேசியது.

லைலோவுக்கு இரண்டு பலவீனங்கள். கோப்பு முறைமையை அது அறியாது; லினக்ஸ் கருவகம் தட்டில் எந்தெந்தச் செக்டரில் உள்ளது என்ற பட்டியலை மட்டும் வைத்திருக்கும். கருவகத்தைப் புதுப்பித்துவிட்டு லைலோவை மறுபடி ஓட்ட மறந்தால் பட்டியல் பொய்யாகும், கணினி எழாது. இரண்டாவது, தொடக்கத்தில் அது பழைய பயாஸ் முறையையே நம்பியிருந்ததால் 1,024-ஆம் சிலிண்டருக்கு அப்பால் படிக்க முடியாது. விண்டோசுக்கு முன்பக்கம் முழுவதையும் கொடுத்துவிட்டு லினக்சைப் பின்னால் நிறுவியவருக்கு நிறுவல் தடையின்றி முடியும், துவக்கம் மட்டும் நடக்காது. தட்டின் தொடக்கத்தில் '/பூட்' என்று ஒரு சிறு பிரிவு ஒதுக்கும் வழக்கம் இதனால் வந்தது. காரணம் மறைந்த பிறகும் பல வழிகாட்டிகள் இந்த அறிவுரையை ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தன.

கோப்பு முறைமையைப் படிக்கத் தெரிந்த கிரப் வந்தபின் பட்டியல் தொல்லை தீர்ந்தது. வேறொன்று வந்தது. கிரப்பின் பெரும்பகுதி லினக்ஸ் பிரிவிலேயே இருக்கும். லினக்ஸ் வேண்டாம் என்று விண்டோசிலிருந்து அந்தப் பிரிவை அழித்தவருக்கு, அடுத்த முறை விண்டோசும் எழவில்லை. எம்பிஆரில் இருந்த கிரப்பின் முதல் துண்டு, அழிந்துபோன மறுபாதியைத் தேடி 'பிழை 22' என்று காட்டி நின்றது. அப்படி ஒரு பிரிவு இல்லை என்பது அதன் பொருள். விண்டோஸ் குறுவட்டிலிருந்து துவக்க நிரலை மட்டும் மீட்டெழுதினால் ஐந்து நிமிடத்தில் தீரும் சிக்கல் இது. எதிர்த்திசையிலும் இதே கதைதான்: லினக்ஸ் உள்ள கணினியில் விண்டோசை நிறுவினால், அது யாரையும் கேட்காமல் எம்பிஆரைத் தன்னுடையதாக எழுதிக்கொள்ளும். முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற வரிசை வழக்கமானதற்குக் காரணம் இந்தப் பழக்கமே.

2004 மே: எழாத விண்டோஸ்

இரட்டை முகவரியின் விலை முழுமையாகத் தெரிந்தது 2004 மே மாதத்தில், ஃபெடோரா கோர் 2 வெளியானபோது. அதை நிறுவியவர்களுள் பலருக்கு லினக்ஸ் நன்றாக எழுந்தது. விண்டோஸ் எக்ஸ்பியைத் தெரிவு செய்தால் திரை அப்படியே உறைந்தது. நிறுவியின்போது விண்டோஸ் பிரிவை அவர்கள் தொடவே இல்லை.

நடந்தது இதுதான். லினக்சின் முந்தைய கருவகங்கள், பயாஸ் ஒரு தட்டை எந்த வடிவில் காண்கிறது என்பதை ஊகித்துச் சொல்லிவந்தன. அந்த ஊகம் பலமுறை தவறுவதால், 2.6 கருவகத்தில் அது கைவிடப்பட்டது; தட்டு தன்னைப் பற்றிச் சொல்லும் 16 ஹெட் கணக்கே மேலே தரப்பட்டது. முடிவு நியாயமானதே. ஆனால் நிறுவி பயன்படுத்திய பார்ட்டட் அந்த எண்ணை நம்பி, அட்டவணையின் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைப் புதுக்கணக்கில் மாற்றி எழுதியது. பல பயாஸ்கள் 'ஆட்டோ' முறையில் இருக்கும்போது அட்டவணையைப் பார்த்தே தட்டின் வடிவத்தை ஊகிப்பவை. அவை 16 என்று கண்டதும் தம் கணக்கை மாற்றிக்கொண்டன. 255 ஹெட் கணக்கில் நிறுவப்பட்டிருந்த எக்ஸ்பி, தன் கோப்புகளைத் தவறான இடத்தில் தேடி நின்றுவிட்டது. ஒற்றை எண் கணக்கில் முகவரி முன்போலவே சரியாக இருந்ததால், லினக்சிலிருந்து பார்த்தால் விண்டோஸ் கோப்புகள் ஒன்றுவிடாமல் தெரிந்தன.

தீர்வும் எளியதாகவே இருந்தது. பலருக்குப் பயாசில் தட்டின் முறையை 'ஆட்டோ'விலிருந்து 'எல்பிஏ' என்று மாற்றியதே போதுமாயிற்று. மற்றவர்கள் எஸ்எஃப்டிஸ்க் என்ற நிரலால் அட்டவணையைப் படித்து, 255 ஹெட் கணக்கில் திரும்ப எழுதினர். ஒரு கோப்பும் இழக்கவில்லை. விண்டோஸ் போய்விட்டதென்று பதறி, குறுவட்டைப் போட்டு ஃபார்மட் செய்தால் மட்டுமே இழப்பு உறுதி. அறிகுறி மிகக் கடுமையாகவும் நோய் மிக இலேசாகவும் இருந்த நிகழ்வு அது.

நேர்மாறாக, அறிகுறியே இல்லாமல் நோய் முற்றிய நிகழ்வும் உண்டு. செக்டர் எண்ணுக்கு 28 பிட் மட்டும் ஒதுக்கிய பழைய ஏடிஏ முறையில் 137 கிகாபைட்டே எல்லை. 48 பிட் முறை வந்து, 2002-இல் எக்ஸ்பியின் முதல் சர்வீஸ் பேக்கும் அதை ஏற்றது. அந்த ஆதரவு இல்லாத இயங்குதளத்தை 137 கிகாபைட்டைத் தாண்டும் பிரிவில் வைத்தால், எல்லை வரும்வரை எல்லாம் சரியாக நடக்கும். எல்லையைத் தாண்டி எழுதும்போது எண் சுழன்று பூச்சியத்துக்குத் திரும்பும். தட்டின் தொடக்கத்தின் மேலேயே எழுதப்படும். பிரிவு அட்டவணையும் அதில் போகும். இங்கே இழப்பு உண்மையானது, மீட்பும் அரைகுறை. விண்டோஸ் 98-இன் எஃப்டிஸ்க் 64 கிகாபைட்டுக்கு மேற்பட்ட தட்டில் 64-ஐக் கழித்து மீதியை மட்டும் காட்டி, 80 கிகாபைட் தட்டைச் சுமார் 10 கிகாபைட் என்றது வெறும் தோற்றப்பிழை. இரண்டையும் ஒன்றென நினைக்கலாகாது.

தட்டே தெரியாத நிலை

எக்ஸ்பி காலத்தின் இன்னொரு செய்தி, 'வன்தட்டு எதுவும் காணப்படவில்லை' என்பது. இது பிரிவுச் சிக்கலே அன்று. 2001-இல் வந்த எக்ஸ்பிக்குப் பின்னாளைய சாட்டா தட்டுகளின் ஏஎச்சிஐ முறை தெரியாது. இயக்கி நிரலை எஃப்6 விசையை அழுத்திப் பிளாப்பியில் கொடுக்கச் சொல்லும். புதுக்கணினியிலோ பிளாப்பி செருகும் இடமே இருக்காது. பயாசில் 'ஐடிஇ' முறைக்கு மாற்றுவதே பெரும்பாலோர் கண்ட வழி. இன்று இன்டெல் கணினிகள் சிலவற்றில் விஎம்டி என்ற அமைப்பு இயக்கத்தில் இருக்கும்போது விண்டோஸ் நிறுவி இதே செய்தியைக் காட்டுகிறது. இயக்கியை யூஎஸ்பியில் கொடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் வேறுபாடு.

நான்கும் இரண்டும்

1983-இன் நான்கு, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மறுபடி தலைகாட்டியது. கடையிலிருந்து வந்த மடிக்கணினிகள் பலவற்றில் துவக்கப் பிரிவு, விண்டோஸ், மீட்புப் பிரிவு, தயாரிப்பாளரின் கருவிகள் என நான்கு முதன்மைப் பிரிவுகளும் முன்பே நிரம்பியிருந்தன. விண்டோசைச் சுருக்கி 100 கிகாபைட் காலியாக்கினாலும், லினக்ஸ் நிறுவி அதைப் 'பயன்படுத்த இயலாத இடம்' என்றது. இடம் இருந்தது, பதிவேட்டில் வரி இல்லை. ஐந்தாவது பிரிவை விண்டோசிலிருந்தே உருவாக்கப் பார்த்தவர்களிடம், தட்டை 'டைனமிக்' ஆக மாற்றலாமா என்று விண்டோஸ் கேட்டது. சரி என்று அழுத்தியவர்களுக்கு லினக்ஸ் நிறுவும் வாய்ப்பு இன்னும் தொலைவாயிற்று. மீட்புப் பிரிவைக் குறுவட்டுகளில் படியெடுத்துக்கொண்டு அழித்து, அந்த வரியை விரிவாக்கப் பிரிவாக்குவதே நேரான வழி. இக்காலத்தில், 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே, விண்டோசையும் பாஸ் லினக்சையும் ஒரே தட்டில் கொண்ட கணினிகள் பள்ளி மாணவர் கைகளுக்கு வந்தன. பிரிவு என்ற சொல்லைப் பலர் முதன்முதலில் எதிர்கொண்டது அங்கேதான்.

இன்னொரு எல்லை இரண்டு டெராபைட். ஒற்றை எண் முகவரிக்கு எம்பிஆர் ஒதுக்கிய 32 பிட்டில் ஏறத்தாழ 2.2 டெராபைட் வரையே எண்ணலாம். 3 டெராபைட் தட்டு வாங்கியவருக்கு மீதி பயன்படாமல் கிடந்தது. இதற்கும் நான்குக்கும் சேர்த்து விடை, இன்டெல் தன் இட்டேனியம் கணினிகளுக்காக வகுத்த இஎஃப்ஐ முறையில் பிறந்த ஜிபிடி அட்டவணை. பொதுவாக 128 பிரிவுகள், 64 பிட் எண், பிழையறியும் கூட்டுத்தொகை, தட்டின் கடைசியில் ஒரு காப்புப்படி. சிலிண்டர்க் கணக்கு அடியோடு இல்லை. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபின் யூஇஎஃப்ஐயுடன் சேர்ந்து இது பொதுவழக்காயிற்று.

புதிய முறை தன் பங்குக்குப் புதிய தடைகளைத் தந்தது. விண்டோஸ் நிறுவி 'தெரிவு செய்த தட்டு ஜிபிடி வகை, இதில் நிறுவ இயலாது' என்றோ, 'இது எம்பிஆர் வகை, ஜிபிடியில்தான் நிறுவ இயலும்' என்றோ சொல்வது மிகப் பரவலான செய்தி. தட்டில் குறை இல்லை. நிறுவும் யூஎஸ்பி எந்த முறையில் எழுப்பப்பட்டது என்பதே கேள்வி. துவக்கப் பட்டியலில் ஒரே யூஎஸ்பி இருமுறை தோன்றும். ஒன்றன் முன் 'யூஇஎஃப்ஐ' என்று இருக்கும். ஜிபிடி தட்டுக்கு அதையும், எம்பிஆர் தட்டுக்கு மற்றதையும் தெரிவு செய்தால் செய்தி மறையும். பல வழிகாட்டிகள் எடுத்த எடுப்பில் டிஸ்க்பார்ட் நிரலில் 'கிளீன்' கட்டளை கொடுக்கச் சொல்கின்றன. அது எல்லாப் பிரிவுகளையும் நீக்கிவிடும் என்பதை அடுத்த வரியில் சொல்லாத வழிகாட்டியை நம்பக் கூடாது. 2017-இல் விண்டோஸ் 10-உடன் வந்த எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, தரவை அழிக்காமலே மாற்றித் தருகிறது.

ஜிபிடியாக இருந்து பிறகு பழைய கருவியால் எம்பிஆராக மாற்றப்பட்ட தட்டில், கடைசியில் உள்ள காப்புப்படி அழியாமல் எஞ்சுவதுண்டு. விண்டோஸ் அதைக் கவனிக்காது. லினக்ஸ் நிறுவி கவனித்துக் குழம்பி, விண்டோஸ் நிறைந்த தட்டை முழுக்கக் காலி என்று காட்டும். இந்நிலையில் 'முழுத்தட்டையும் பயன்படுத்து' என்ற தெரிவை அழுத்தினால் எல்லாம் போயிற்று. ராட் ஸ்மித் எழுதிய ஃபிக்ஸ்பார்ட்ஸ் என்ற நிரல் அந்த எச்சத்தை மட்டும் நீக்குகிறது. அட்டவணை உண்மையாகவே அழிந்துவிட்டால், கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் உதவும். கோப்பு முறைமைகளின் தொடக்க அடையாளங்களைத் தட்டு முழுவதும் தேடி, பிரிவுகளின் எல்லைகளை மறுபடி கண்டுபிடித்து அது பட்டியலிடும். அந்தத் தட்டின் மேல் வேறெதுவும் எழுதப்படாமல் இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

ஜிபிடி தட்டின் முதல் செக்டரில் இன்றும் 1983-இன் எம்பிஆர் வடிவம் இருக்கிறது. அதன் நான்கு பதிவுகளில் ஒன்று மட்டும் நிரப்பப்பட்டிருக்கும். தட்டு முழுவதும், அல்லது 32 பிட் எண்ணக்கூடிய அளவு முழுவதும், ஒரே அறியாத பிரிவு என்று அது சொல்லும். ஜிபிடியை அறியாத பழைய எஃப்டிஸ்க் போன்ற நிரல் ஏதேனும் இந்தத் தட்டைக் காண நேர்ந்தால், காலி என்று எண்ணி எழுதிவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.